எங்கள் வீட்டு உக்கிராணக்காரி

உலகத்தில் செலவு செய்கிறவர்கள் உண்டு, சேமிக்கிறவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: உக்கிராணக்காரர்கள். பணமெல்லாம் ஆண்டவருடையது, நாங்கள் வெறும் காவல் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் ஆண்டவரே நேரில் வந்து கேட்டாலும் ரசீது இல்லாமல் தரமாட்டோம். 'தரமாட்டோம்' என்றேனே, கவனித்தீர்களா? ஆமாம், நானும் அந்த இனம்தான்.

எங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் பிஸ்கட் இருக்காது, உறைகள் இருக்கும். காணிக்கை, வாடகை, மளிகை, மின்கட்டணம், மருந்து என்று வரிசையாக எழுதி, கடைசி உறையில் 'எதிர்பாராத செலவு' என்று எழுதியிருக்கும். அந்தக் கடைசி உறையை வெகுகாலம் நான் திறந்ததே இல்லை. எப்படித் திறப்பது? ஒருவர் வந்து கேட்டுவிட்டாலே அது எதிர்பார்த்த செலவாகிவிடுகிறதே!

வேதத்தையும் நாங்கள் எங்கள் கண்ணால்தான் வாசிப்போம். ஐந்து அப்பத்தில் ஐயாயிரம் பேர் சாப்பிட்டதைக் கேட்டு சபையே மெய்சிலிர்க்கும். எனக்குச் சிலிர்ப்பது, மீந்த துணிக்கைகளைப் பன்னிரண்டு கூடை நிறைய எடுத்துவைத்தார்களே, அந்த இடத்தில். ஏழை விதவை கையிலிருந்த இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாள் என்று போதகர் உருகும்போது நான் பெஞ்சில் நெளிவேன். மாசக் கடைசிக்கு அவள் என்ன செய்தாள்?

இன்னொன்று: நாங்கள் யாரிடமும் 'இல்லை' என்று சொல்வதில்லை. "ஜெபிப்போம்" என்போம்.

என் தம்பி கட்டடங்களில் வயரிங் வேலை பார்க்கிறான். எட்டாம் வகுப்போடு நின்ற நான், தையல் மெஷின் மிதித்து அவனைப் படிக்கவைத்தேன். இதை யாராவது கேட்டால் மட்டுமே சொல்வேன். கேட்காவிட்டால் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வேன். சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுக்கிற பிள்ளை அவன்.

"அக்கா, ஷூ அடி பிளந்துபோச்சு. ஈரத் தரையில நின்னு வயரைத் தொட வேண்டியிருக்கு. பயமா இருக்குக்கா."

"ஜெபிப்போம்டா."

"போன மாசமும் இதைத்தானே சொன்னே?"

"பதில் வர வேண்டாமா?"

பிஸ்கட் டப்பா துருப்பிடித்தபோது மட்டும் பதில் அன்று மாலையே வந்தது. பூட்டு வைத்த இரும்புப் பெட்டி வாங்கிவிட்டேன்.

போன வாரம் எனக்குப் பிறந்தநாள். தம்பி வேலையிலிருந்து வந்து, சின்னதாக ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே வாசனைக் குப்பி. கண்ணாடியின் கனத்தைப் பார்த்ததுமே விலை எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏதுடா காசு?"

"ஓவர்டைம் காசுக்கா."

"அறிவிருக்கா? இதுல ஷூ வாங்கியிருக்கலாமே!"

"அதுக்குத்தான் நீ ஜெபிச்சுக்கிட்டு இருக்கியே."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இது சுத்த வீண் செலவு! ஏழைங்களுக்காவது கொடுத்திருக்கலாம்!"

அவன் ஷூவைக் கழற்றினான். உள்ளே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருந்தான். அதைச் சரிசெய்தபடியே சொன்னான்:

"ஆண்டவர் பாதத்துல ஒரு அம்மா தைலம் ஊத்தினப்பவும் ஒருத்தர் இதையேதான் சொன்னார்."

"சொன்னவர் விவரமான ஆளாத்தான் இருப்பார்."

"இருக்கும்க்கா. பன்னிரண்டு சீஷர்ல பணப்பை அவர் கையிலதான் இருந்துச்சு."

யூதாஸ் என்று அவன் வாயால் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. நான்தான் வளர்த்தேன்.

அன்றே கடைசி உறையைக் கிழித்தேன். மின்வேலைக்கென்றே செய்த, கனத்த ரப்பர் அடி வைத்த ஷூவாகப் பார்த்து வாங்கினோம். கடைக்காரரிடம் அரைமணி நேரம் பேரம் பேசியதைத் தம்பி மன்னித்துவிட்டான். வாசனைக் குப்பியையும் திறந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சொட்டு.

சிரிக்கிறீர்கள், நல்லது. ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். அந்தக் குப்பி என்ன விலை இருக்கும் என்று படிக்கும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள், இல்லையா?

வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நம்ம ஆள்தான் நீங்கள்.