பலகையைச் சுற்றிப் புல் வெட்டியவர்

அன்புத் தங்கை வெர்னாவுக்கு, மினசோட்டாவிலிருந்து அக்கா ஆர்டிஸ் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் நலம். அங்கே நீயும் ரோஜரும், எல்லோருக்கும் மேலாக நம் லினியாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நீ பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்தது. ஒன்று மற்றதைவிடச் சற்று நீளம். பரவாயில்லை, கதை அடிக்கிற சுகத்தில் பின்னியிருப்பாய்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டுப் போட்டுவிட்டேன். சட்டமன்றத்துக்கு நின்ற சோல்வேக் ஜெயித்துவிட்டாள். விடைத்தாள் திருத்தும்போது மதிப்பெண்ணை எப்போதும் தலையிலேயே எழுதிவிடுவேன். அது தெரியாதவரை எந்தப் பிள்ளையும் கீழே நான் எழுதியதைப் படித்ததில்லை. நீயும் அந்த ரகம் என்பதால் மதிப்பெண்ணை மேலே போட்டாயிற்று. இனி நிதானமாகப் படி.

இந்த ஓட்டு எனக்கு ஏன் இவ்வளவு பெரிதானது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் மாதம் லினியாவின் வயிற்றில் குழந்தை தங்காமல் போனபோது, உங்கள் ஊர் மருத்துவர்கள் அவளைக் கவனிப்பதற்கு முன் கருக்கலைப்புச் சட்டத்துக்குப் பயந்து வக்கீலைத் தேடினார்கள். நீ அவளைக் காரில் படுக்கவைத்து மாநில எல்லை தாண்டி இங்கே கொண்டுவந்தாய். பிழைத்து எழுந்து ஊருக்குக் கிளம்பும்போது கார்க் கண்ணாடியை இறக்கி அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பெரியம்மா, எனக்கு இங்க ஓட்டு இல்ல. எனக்கும் சேர்த்து நீங்க போட்டுருங்க." சரி என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் நேற்று வாக்குச்சாவடி வாசலில் தொலைக்கப் பார்த்தேன்.

மே மாதம் பெரிய வீட்டை விட்டு ஏரிக்கு இந்தப் பக்கம் வாடகை வீட்டுக்கு மாறினேன் இல்லையா, பக்கத்து வீட்டில் ஓரின் ஹூஸ்பி என்று ஒருவர், தானியக் கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி ஜாய்ஸ் இறந்து சில வருடம் ஆகிறது. வந்த வாரமே ஆரஞ்சு ஜெல்லியும் வரவேற்பும் தந்தார். ஆனால் அவர் புல்வெளியில் சோல்வேக்கின் எதிர் வேட்பாளருடைய தேர்தல் பலகை நின்றது. நான் சும்மா இருப்பேனா? சோல்வேக் என் நான்காம் வகுப்பில் 'ஏன்?' என்று கேட்டே என் தொண்டையை வற்றவைத்தவள். பெண்களின் மகப்பேற்று உரிமைச் சங்கம் அவளுக்கு ஆதரவு அறிவித்த அன்றே அவள் பலகையை நட்டேன். அவள் பேருக்குக் கீழே 'மகப்பேற்று உரிமைச் சங்கத்தின் ஆதரவு பெற்றவர். முடிவு அவளுடையது' என்று ஒரு துண்டுப் பட்டையும் இருந்தது. ஓரின் தன் புல்லோடு என் புல்லையும் வெட்டிக் கொடுக்கிற மனிதர். வண்டி போல உட்கார்ந்து ஓட்டுகிற இயந்திரத்தில் வருவார், பலகை அருகே வந்ததும் வேகத்தைக் குறைத்து, அதைச் சுற்றி வட்டமாக வெட்டுவார். "பலகையத் தொடல டீச்சர், புல்ல மட்டுந்தான் தொட்டேன்" என்பார். "ரொம்ப நன்றி, ஓரின்" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் முகத்தைச் சுளிப்பேன். நம் ஊரில் சண்டை என்றால் இதுதான். போன வாரம் பனி தள்ளும் இயந்திரத்தால் என் பலகையை மொத்தமாகப் புதைத்துவிட்டார். நான் கோபத்தோடு வெளியே வந்தால், மனிதர் ஏற்கெனவே மண்வாரியோடு மண்டிபோட்டுத் தோண்டிக்கொண்டிருக்கிறார். "காத்து இப்படி அடிக்கும்னு தெரியாம போச்சு, மன்னிச்சுருங்க." புதைத்தவரே தோண்டினால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ் ஒரு பாத்திரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன், வேறென்ன செய்வது.

இதற்கிடையே இலையுதிர்காலம் முழுக்க, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, கட்சி வித்தியாசமில்லாமல் யார் வந்தாலும் வாக்காளர் பதிவு செய்து கொடுத்தேன். எனக்குத்தான் எடுத்துக்காட்டு இல்லாமல் பேச வராதே. "நீ ஒரே கட்டடத்துல மாடிலேருந்து கீழ்வீட்டுக்கு மாறினாலும் பட்டியலுக்கு நீ புது ஆள்தான், மறுபடி பதிவு பண்ணணும்" என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாய் வலிக்கச் சொன்னேன். ஒரு பையன், "நீங்க எப்பவுமே ஒரே வீடா டீச்சர்?" என்று கேட்டான். "பேச்ச மாத்தாத, கையெழுத்துப் போடு" என்றேன். வெர்னா, அந்த நொடியாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேற்றுக் காலை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, அலுவலர்களுக்கு எலுமிச்சை பார் இனிப்பு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு போனேன். பட்டியல் பார்த்தவள் டெலோரஸ், என் பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்தவள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆர்டிஸ், உன் பேரு இங்க இல்லையே. நீ இன்னும் பழைய வீட்லதான இருக்க, பட்டியல்படி."

"நான் மே மாசமே வந்துட்டேனே!"

"வந்த, சரி. பதிவு பண்ணினியா?"

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்திருக்கிறேன். இன்றே இங்கேயே பதியலாம், இருப்பிடச் சான்று கொடு என்றாள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி. வாடகை ஒப்பந்தம் இன்னும் பிரிக்காத ஏதோ ஒரு பெட்டியில். மின்கட்டணம் வீட்டுக்காரர் பேரில். தொலைபேசிக் கட்டணமோ உன் பேரில், தங்கையே. 'குடும்பமா சேர்ந்தா மலிவு, அக்கா' என்று சேர்த்துவிட்டாயே, அதுதான்! இனி ஒரே வழி, இந்த வாக்குச்சாவடியில் பதிவான யாராவது ஒருவர், நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். என் தெருக்காரர்கள் குளிருக்குப் பயந்து அரிசோனா போய்விட்டார்கள். லினியாவுக்கு என்ன சொல்வேன் என்று எலுமிச்சை பார் தட்டோடு நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. கதவு திறந்தது, ஓரின் உள்ளே வந்தார்.

வேறு யார் வந்திருந்தாலும் ஓடிப்போய்க் கேட்டிருப்பேன். இவரிடம் எப்படிக் கேட்பது? டெலோரஸ்தான் கேட்டாள். "ஓரின், இவங்க உங்க பக்கத்து வீடுதானா? சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"காலைல அஞ்சு மணிக்கு ரேடியோவ அலறவிட்டு என்னைய எழுப்புறது யாருன்னு நெனச்ச, டெலோரஸ்? எங்க போடணும் கையெழுத்து?"

"ஓரின்," என்றேன் மெதுவாக, "நான் யாருக்குப் போடுவேன்னு உங்களுக்குத் தெரியுமே."

"இங்க வேட்பாளர் பேச்சு கூடாது!" என்று டெலோரஸ் மேசையைத் தட்டினாள்.

"நாங்க யாரப் பத்தியும் பேசல. புல்லப் பத்திப் பேசறோம்" என்றார் ஓரின். "உங்க வீட்டுப் புல்ல நாந்தான வெட்டுறேன் டீச்சர். வேற ஊர்க்காரங்க புல்ல நான் வெட்டுவேனா?"

கையெழுத்துப் போட்டார். நானும் ஓட்டுப் போட்டேன். வெளியே வந்து இருவரும் காருக்குப் பக்கத்தில் நின்று எலுமிச்சை பார் தின்றோம். கணக்கு வாத்தியாரம்மா இல்லையா, மனசு சும்மா இருக்கவில்லை. நான் கூட்டல் ஒன்று, அவர் கழித்தல் ஒன்று, ஆக மொத்தம் பூஜ்யம். அவர் அந்தக் கையெழுத்தைப் போடாதிருந்தால் அவர் பக்கத்துக்கு ஓர் ஓட்டு லாபம். தெரிந்தே விட்டுக்கொடுத்தார். என் ஓட்டால் சோல்வேக்குக்கு ஒரு நன்மையும் இல்லை, ஆனாலும் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் நேற்று ராத்திரி உன் நீளக் காலுறையோடு நன்றாகத் தூங்கினேன்.

லினியாவை அணைத்துக்கொண்டு இதை வாசித்துக் காட்டு. ரோஜரை உப்புக் குறைக்கச் சொல். கடவுள் உங்கள் வீட்டுக் கூரையையும் கார் பேட்டரியையும் இந்தக் குளிர்காலம் முழுக்கக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா ஆர்டிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஓரின் ஹாட்டிஷ் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தார். உங்கள் ஆள் தோற்றதற்கு வருந்துகிறேன் என்றேன். "அவன் என் ஆளு இல்ல டீச்சர், என் அக்கா மகன். பலகை வைக்கச் சொன்னான், வச்சேன். ஓட்டுக் கேட்டான், சிரிச்சேன்" என்றார். "கோடை முழுக்க உங்க பலகையச் சுத்தித்தான புல்லு வெட்டுனேன், அதுல எழுதியிருந்ததப் படிக்காம இருக்க முடியுமா? ரெண்டாவது பிரசவத்துல ஜாய்ஸ் என்ன பாடு பட்டான்னு அந்தப் பயலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." நன்றி சொல்லும் பண்டிகை நாள் விருந்துக்கு அந்த அக்கா மகன் வருகிறானாம், ஆறுதலுக்கு நான் பூசணிப் பை என்கிற இனிப்பு ஒன்று செய்து தர வேண்டுமாம், இந்த விஷயம் மட்டும் யாருக்கும் தெரியக் கூடாதாம். ஆகவே நீயும் யாரிடமும் சொல்லாதே. மேலே நான் போட்ட கணக்கைச் சிவப்பு மையால் அடித்துவிடு. அங்கே கழித்தலே இல்லை. லினியாவிடம் மட்டும் சொல், ஒன்று கேட்டாள், இரண்டு விழுந்திருக்கிறது.