நம் ஊர்ப் பூசணியும் வெள்ளிக்கிழமைக் காய்ச்சலும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையும் நானும் சௌக்கியம். தாங்களும் தங்கள் தோட்டமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் தாங்கள் சௌக்கியமாக இருக்கக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள்.

"இந்த ஊர்ப் பூசணிக்கு இதுதான் கடைசி விதைப் பொட்டலம், மாப்பிள்ளை"ன்னு என் கையைப் பிடித்துக் கொடுத்தீர்களே, அதைப் பள்ளித் தோட்டத்தில்தான் போட்டேன். தலைமையாசிரியை, "சரித்திர வாத்தியார் நீங்கதானே சார்? பழைய பூசணியும் சரித்திரம்தானே!" என்று மண்வெட்டியை என் தலையில் கட்டிவிட்டார். பிள்ளைக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு பெயர்ப்பலகை. நடும்போது எல்லாரும் விரலை நக்கிக்கொண்டே நட்டார்கள். ஆர்வம் என்று பூரித்துப்போனேன். வாரங்கள் ஓடின, ஒரு முளை எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் முகத்தில் எப்படி முழிப்பது? நர்சரிக்குப் போய் ஒரே ஒரு கன்று வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் ஊன்றினேன். மறுநாள் போனால், எல்லாக் குழியிலும் கன்று! சரித்திரமே எழுந்து நிற்கிறது என்று கண் கலங்கிவிட்டேன் மச்சான். அப்புறம்தான் வாட்ச்மேன் சொன்னார், "உங்களுக்குப் பின்னாலேயே அப்பா அம்மா எல்லாரும் வரிசையா வந்தாங்க சார். சுவரேறிக் குதிச்சவங்களும் உண்டு." தன் பிள்ளை குழி மட்டும் காலியாக இருக்கக் கூடாதாம். அவர்களில் ஒருவரான பல் டாக்டர் அவசரத்தில் ரோஜாவை நட்டுவிட்டார். அது பூத்தும்விட்டது.

காய்த்தது ஒன்று நீளம், ஒன்று உருண்டை, ஒன்று வரிவரியாக. ஒன்றில் கடை ஸ்டிக்கரே இருந்தது. ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டர் மூன்றைச் சுவைத்து, மூன்றுக்கும் "இதேதான்! சின்ன வயசுல தின்னது இதேதான்!" என்று அழுதார். அதோடு விட்டார்களா? பள்ளிச் சுவரில் 'நம் ஊரின் சொந்தப் பூசணி' என்று பெயின்ட் அடித்து, வெள்ளிக்கிழமை தோட்டத் திறப்பு விழாவுக்கு உங்களையே கூப்பிடுகிறார்கள். நீங்க வந்து பார்த்தா ஒரே பார்வையில என் மானம் போயிடும். அதனால தயவுசெஞ்சு ஒரு காய்ச்சல் வரவழைச்சுக்கோங்க. மானத்தை விடுங்க, உங்க பூசணி என் கையில செத்துப்போச்சேன்னு நினைச்சா எனக்குச் சாப்பாடு இறங்கலை.

அக்காவுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் தங்கை வந்து, "என்னங்க, உப்புப் போட்டு வறுத்து ஒரு பூசணி விதைப் பொட்டலம் வச்சிருந்தேனே, தோட்டம் போட்ட நாள்லேர்ந்து காணோமே?" என்கிறாள். அலமாரியைக் குடைந்தேன். நீங்கள் கொடுத்த பொட்டலம், நீங்கள் போட்ட முடிச்சோடு, கடுகு டப்பாவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது! காய்ச்சலெல்லாம் வேண்டாம், மச்சான். முதல் பஸ்ஸில் வாருங்கள். அவள் இதையும் வறுக்க வாணலியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.