பத்துக் கோடு போட்டும் நிற்காத தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குக் கோயில் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் வேலை.

மலேசியாவில் லுக்குட் பக்கத்து எஸ்டேட் கோயில். அன்று திருவிழா, முன்னூறு பேருக்குச் சாப்பாடு. கமிட்டியில் இருபது வருடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு!

பம்பைக் கம்ப்யூட்டரோடு இணைத்தவன் என் மனைவியின் தம்பி சேகரன். தொட்டியில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் விழும்போதெல்லாம் அது 0.1 கூட்டும். ஒன்று ஆனதும் பம்ப் நிற்கும். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போய், முதல் நாள்தான் புதுசு வைத்திருந்தான்.

"மாமா, பட்டனை அமுக்குங்க. வேற எதையும் தொடாதீங்க லா. அதுவே நிக்கும்."

அமுக்கினேன். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. ஒரு பங்குக்கு ஒரு கோடு, பென்சிலால் சுவரில்.

பத்தாவது கோடு. திரையில் 1.0. தொட்டி தளும்பியது.

பம்ப் நிற்கவில்லை!

கொஞ்சம் யோசிக்கிறது போல என்று காத்திருந்தேன். 1.1! பதினோராவது கோடும் போட்டேன். வேறென்ன செய்வது? தொடாதே என்று சொல்லிவிட்டான். சத்தம் போட்டுக் கூப்பிடவோ வெட்கம்.

1.2. வாசலில் கிடந்த செருப்புகள் மிதந்தன. நாற்பத்து மூன்று. ஒன்றுக்கு ஜோடி இல்லை.

தண்ணீர் கோயிலுக்குப் பின்னால் திரும்பியது. அங்கேதான் மண்ணில் குழி வெட்டிய விறகடுப்புகள்! சாம்பார் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது.

புஸ்ஸ்ஸ்!

சமையல் செல்லம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "அண்ணே! தண்ணிய நிப்பாட்டுங்கண்ணே!"

"பத்து ஆயிருச்சும்மா... என் கணக்கு சரிதான்."

"கணக்கையா சாம்பார்ல போடுறது?" என்று பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

சேகரன் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"கம்ப்யூட்டருக்கு 0.1-ஐ முழுசா எழுத வராது மாமா, நமக்கு 0.333 மாதிரி அதுக்கு இது முடியாம நீண்டுக்கிட்டே போகும். பழசு எண்பது பிட்டுல, அதாவது எண்பது கட்டத்துல, நீளமா வச்சுக் கூட்டி, கடைசியிலதான் வாலை வெட்டும். சரியா ஒன்னு வந்துச்சு. புதுசு ஒவ்வொரு தடவையும் அறுபத்து நாலுல வெட்டிருது. பத்து தடவை கூட்டுனா ஒன்னுக்கு ஒரு துளி கம்மி. திரையில மட்டும் 1.0-ன்னு காட்டும். நானோ, சரியா ஒன்னு ஆனாத்தான் நிக்கணும்னு எழுதிட்டேன்."

செல்லம்மா கணுக்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு கேட்டாள்: "கம்மியா? அந்தக் கம்மியான துளிதான் என் மூனு அடுப்பையும் அணைச்சுச்சா தம்பி?"

முதலில் சிரித்தது நான்தான். நிறுத்தவே முடியவில்லை. கமிட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சாம்பார் ஆறு வீட்டு கேஸ் அடுப்புகளில் வெந்தது. ஒரு மணி நேரம் தாமதம். யாரும் பசியோடு போகவில்லை.

இப்போது கோயிலில் எண்ணும் வேலை எனக்கு, சுவிட்ச் செல்லம்மாவுக்கு.