யூ-டர்ன் அக்காவும் ஒரு கேஸ் ரெகுலேட்டரும்

அம்பத்தூரில் கிளம்பிய எந்த வண்டியும் யூ-டர்ன் அக்காவை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆட்டோ, வேன், கல்யாண பஸ், ஒரு தடவை ஆம்புலன்ஸ்கூட. நெஞ்சுவலியென்று ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அக்காவின் மாமியாரே எழுந்து உட்கார்ந்து, "நான்தாண்டி கேஸை மூடினேன், வண்டிய எடுக்கச் சொல்லு!" என்று கத்தினார். அப்போதும் அக்கா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

எதிர்வீட்டுக்காரி என்ற பாவத்துக்கு, பதினோரு வருஷம் அந்த வண்டிகளில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேன் பிடித்துத் திருவேற்காட்டு அம்மனைப் பார்க்கப் போவோம். தெருமுனை தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து அந்தக் குரல் வரும். "தம்பி, கொஞ்சம் திருப்பு. கேஸை மூடினேனான்னு..."

டிரைவர் ஸ்டீயரிங்கிலேயே முட்டிக்கொள்வான். "யக்கோவ், வண்டி கோயிலுக்குப் போவுதா, உன் ஊட்டு அடுப்பச் சுத்தி வருதா? ஒண்ணு சொல்லு!"

நானும் யோசனை பண்ணாமல் இல்லை. கிளம்பும்போது அடுப்புத் திருகை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தார். பாதி வழியில் படத்தை உற்றுப் பார்த்தார். "இது இன்னைக்கு எடுத்ததா, நேத்து எடுத்ததா?" தேதி போட்டிருக்கிறதே என்று காட்டினேன். "எடுத்தப்புறம் என் முந்தானை பட்டுத் திறந்திருந்தா?" வண்டி திரும்பியது. அந்த போனில் பெற்ற பெண்ணின் படத்தைவிட அடுப்புத் திருகின் படம்தான் அதிகம்.

ஓர் ஆடி வெள்ளியன்று டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது. "ரெகுலேட்டரையே கயட்டி கைல எடுத்துகினு வா. அப்பால நீ சந்தேகப்படறத நான் பாக்கறேன்!" என்றான்.

அக்கா நிஜமாகவே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். தேங்காய், வாழைப்பழம், எலுமிச்சை மாலைக்கு நடுவில் ரெகுலேட்டரும் அர்ச்சனைக் கூடையில் பயணம் செய்தது. கோயிலில் நல்ல கூட்டம். ஐயர் கூடையை அப்படியே வாங்கிப்போய் அம்மன் காலடியில் வைத்து, அர்ச்சனை முடித்து, ரெகுலேட்டருக்கும் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். புதுசாகக் கேஸ் ஏஜென்சி எடுத்திருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ.

முதல் முறையாக நிம்மதியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் பின் சீட்டிலிருந்து மெல்லிய குரல். "வாசக் கதவைப் பூட்டினேனா?"

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிக் கேட்டார். "நீ காக்கா வந்து வாயை வைக்காம ஒரு பருக்கை சாப்பிட மாட்டே. பிள்ளையாரை நூத்தியெட்டு சுத்து சுத்தும்போது நடுவுல எண்ணிக்கை மறந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கறே. அவங்க மூணு தடவை பார்த்தா வியாதி, நீ நூத்தியெட்டு தடவை சுத்தினா பக்தியா?"

"சாமி விஷயம் வேற!" என்றேன். எப்படி வேறு என்று அவர் கேட்பதற்குள் அடுப்பங்கரைக்குள் புகுந்துகொண்டேன்.

ஒருநாள் ஆத்திரத்தில் அக்காவிடமே கேட்டுவிட்டேன். "உங்களுக்கு என்ன பைத்தியமாக்கா?"

அக்கா கோபப்படவில்லை. "மூடிட்டேன்னு எனக்கே தெரியும்மா. தெரிஞ்சும் நம்ப முடியல. திரும்பிப் போய்ப் பார்க்கற வரைக்கும் நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு. டாக்டரைப் பார்த்தேன். மாத்திரை சாப்பிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே, பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருக்கோம்" என்றார். அன்றிலிருந்து வேனில் நான் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டதோடு சரி.

வரனும் வந்தது. பூந்தமல்லிப் பக்கம். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அம்மா தெருவில் விசாரிக்கக் கிளம்பினார். விசாரித்து விசாரித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, பொண்ணோட அம்மாவுக்கு மண்ட ஒரு மாரின்றாங்களே, மெய்யாலுமா?"

எனக்குப் பின்னால் அப்போதுதான் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மன் படத்தில் பூகூட வாடவில்லை. பொய் தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது.

"கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனான்னு ஒரு சந்தேகம் அவங்களுக்கு. டாக்டர்கிட்ட போய் மாத்திரை சாப்பிடறாங்க. மத்தபடி தங்கமான மனுஷி."

அந்த அம்மா பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். "அம்மா, பொண்ணுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க." தலையாட்டினார். வீட்டுக்கு வந்தேன். மனசு கேட்கவில்லை. மறுபடி ஓடினேன். "மாத்திரைன்னா பெருசு இல்லீங்க, சின்னதுதான்." அதற்கும் தலையாட்டினார். திரும்பி வந்து வாசற்படியில் கால் வைக்கும்போது இன்னொரு சந்தேகம். மூன்றாவது தடவை ஓடினேன்.

"ஏங்க, தங்கமான மனுஷின்னு சொன்னேனா, சொல்லாம விட்டுட்டேனா?"

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "சொன்ன, சொன்ன. ஏம்மா, அந்தம்மாவாச்சும் டாக்டராண்ட போய் மாத்திர துன்னுது. நீ எப்ப போவப்போற?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காக்கா சாப்பிட்டும் நான் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"மாத்திரை விஷயத்தைச் சொல்லிட்டியாமே?"

"மன்னிச்சிடுங்கக்கா. பொய் வரல."

"சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. 'எல்லா ஊட்லயும் ஒண்ணு கீது, மூடி வெச்சிக்கிறாங்க. நீங்க வைத்தியம் பாக்கறீங்க, அது எனுக்குப் புடிச்சிது, தேதி குறிங்க'ன்னாங்க." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வாயால எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தூக்கமில்லாம கிடந்தேன். நீ சொல்லிட்டே."

உடனேயே முகம் மாறியது. "அவங்க சரின்னுதானே சொன்னாங்க? நான் சரியாத்தானே கேட்டேன்? நீ ஒரு போன் போட்டுக் கேளேன்."

போட்டேன். ஸ்பீக்கரில் கேட்க வைத்தேன். போனை வைத்ததும் அக்கா மறுபடி கேட்டார். "சரின்னாங்கக்கா" என்றேன். அதற்கப்புறம் ஆறு தடவை கேட்டார், ஆறு தடவையும் சொன்னேன்.

அந்த வாரம் அம்மன் முன்னால் நின்றபோது என் வழக்கமான வேண்டுதல் பட்டியல் எதுவும் வாயில் வரவில்லை. அக்கா மனசுக்கு நிம்மதியைக் கொடு தாயே, மத்தபடி ஆளை மாத்திடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.