அரிசி மூட்டையுடன் முப்பது கிலோமீற்றர்

ஒரு நாட்டுக்குப் படை இருந்தால், அந்தப் படையிலிருந்து வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு சங்கமும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாகரிகத்தின் அடிப்படை விதி. நோர்வேயில் பெடியன்கள் ஒரு வருடம் பட்டாளத்தில் நிற்பார்கள். பிறகு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 'தேவைப்பட்டால் கூப்பிடுவோம்' என்று கடிதம் போடுவார்கள். இப்படிக் கூப்பிடக் காத்திருப்பவர்களுக்குப் பெயர் றிசேர்வ் படையினர். ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஆகவே அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை கூடிக் கோப்பி குடிக்கிறார்கள்.

ஓஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் இருக்கும் எங்கள் சந்திரகுமார் அப்படியொரு சங்கத்தில் எட்டு வருட உறுப்பினன். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், இருபது வயதில் வடக்கே பனிக்குள் ஒரு வருடம் சேவை செய்தான். முதல் விடுமுறைக்குச் சீருடையோடு வீட்டுக்கு வந்தபோது தாய் பூமணியக்கா கதவைத் திறந்துவிட்டு உடனே சாத்திவிட்டார்.

"ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ ஆமியாய் வந்து வாசல்லை நிக்கிறாய்!" என்று உள்ளே இருந்து அழுதார்.

சங்கத்தில் சந்திரகுமாரின் பொறுப்பு வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுடுவது. எட்டு வருடமாக அவன்தான் சுட்டான். மற்றவர்கள் வருடாந்த நடையில் கலந்துகொண்டு வெண்கலச் சின்னம் குத்திக்கொள்ளும்போது, இவன் மாக் கரண்டியோடு நின்று கைதட்டுவான்.

"அண்ணை, ஒரு நாளைக்காவது அவங்கள் என்னைச் சமையல்காரன் எண்டு பாக்காமல் படையாள் எண்டு பாக்கவேணும்" என்று என்னிடம் சொன்னான். அந்தச் சின்னம் அவனுக்கு அவ்வளவு முக்கியம்.

2006 வசந்தத்தில் ஜேர்மனியிலிருந்து ஒரு சகோதரச் சங்கம் நட்புறவு நடைக்கு வந்தது. ஜேர்மனியில் இந்தச் சங்கங்கள் பெரிய விஷயம். அவற்றுக்குக் கொடி உண்டு, சஞ்சிகை உண்டு, உபகுழுவைக் கண்காணிக்க இன்னொரு உபகுழுவும் உண்டு. தலைமை தாங்கி வந்தவர் கப்டன் பிறெண்டெல். சாதாரண நாட்களில் வரித் திணைக்களத்தில் எழுதுவினைஞர்.

"எமது பங்கு யாதெனில், இராணுவத்துக்கும் சமூகத்துக்கும் இடையே நாம் ஒரு பாலம்" என்று வரவேற்புக் கூட்டத்தில் அவர் பிரகடனம் செய்தார்.

நோர்வேச் சங்கத் தலைவர் ஆர்னேக்கு வியர்த்துவிட்டது. அவருடைய சங்கத்தின் இருபது வருடக் கூட்டக் குறிப்புகளில் பங்கு என்று ஒன்று எங்குமே பதிவாகியிருக்கவில்லை.

"நாங்களும் பாலம்தான்" என்றார் அவசரமாக.

கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த சந்திரகுமார் சும்மா இருக்காமல், "இதுவரைக்கும் எத்தினை பேர் கடந்திருக்கினம்?" என்று கேட்டான்.

கப்டன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"பாலத்தின் கடமை நிற்பது. கடப்பது மற்றவர்களின் கடமை."

எல்லோரும் கைதட்டினார்கள். அது குறிப்பில் ஏற்றப்பட்டது. அந்த மகிழ்ச்சியில், இந்த வருடம் தானும் நடக்கலாமா என்று சந்திரகுமார் கேட்டதற்கு ஆர்னே யோசிக்காமல் தலையாட்டிவிட்டார்.

நடையின் விதி எளிமையானது. முதுகுப்பையில் பதினொரு கிலோ, முப்பது கிலோமீற்றர், முடிவில் பையை நிறுப்பார்கள். ஆளாளுக்குக் கல்லும் மணலும் நிரப்பினார்கள். ஓஸ்லோவில் ஒரு தமிழ் வீட்டில் நிறுக்காமலே நிறை தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிய பத்துக் கிலோ அரிசி மூட்டையைச் சந்திரகுமார் அப்படியே பைக்குள் இறக்கினான். மேலே ஒரு கிலோ பருப்பு.

கப்டனின் பைக்குள் தன் சங்கத்தின் சட்டவிதிகள், திருத்தங்கள், பிற்சேர்க்கைகள். ஏதாவது பிணக்கு வந்தால் பார்ப்பதற்காம். எல்லாம் சேர்ந்து மிகச் சரியாகப் பதினொரு கிலோ.

பதினெட்டாவது கிலோமீற்றரில், காட்டுக்குள், மழைக்குள் உணவு நிலையம் வந்தது. ஒரு மேசை இருந்தது. 'உணவு' என்ற பலகை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"வாஃபிள் எங்கே?" என்றார் ஆர்னே.

"நான் நடக்கிறன்" என்றான் சந்திரகுமார்.

"அது தெரிகிறது. வாஃபிள் எங்கே?"

ஏற்பாட்டுக் குறிப்பை எடுத்துப் பார்த்தார்கள். 'உணவு: வழமைபோல' என்று இருந்தது. குறிப்பில் பிழை இல்லை என்று தெரிந்ததும் ஆர்னேக்கு நிம்மதி. ஆனால் முப்பது பேருக்குப் பசி. வயதான ஜேர்மன்காரர் ஒருவர் உதடு நீலம் பாரித்து, மர வேரொன்றில் குந்திவிட்டார்.

மூட்டையை அவிழ்த்தால் நிறை போய்விடும், சின்னமும் போய்விடும். ஒரு நிமிடம் நின்று யோசித்ததாகச் சந்திரகுமார் சொன்னான். நான் நம்பவில்லை. பசித்த மனிசரைக் கண்டால் யோசிக்கிற ஆள் அவன் இல்லை.

விறகு நனைந்திருந்தது. பற்றவைக்கக் காய்ந்த கடதாசி வேண்டும். எல்லோரும் கப்டனின் பையைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிற்சேர்க்கைகளிலிருந்து தொடங்குங்கள்" என்றார்.

ஒழுக்காற்று விதிகள் நன்றாக எரிந்தன. ஆளாளுக்கு வைத்திருந்த அலுமினியச் சட்டிகளில் அரிசியும் பருப்பும் சேர்ந்து கொதித்தன. உப்பு மட்டும்தான். அந்த வயதானவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டு எழுந்து நின்றார். பரிமாறியதில் தான் சாப்பிட மறந்தாலும், அந்த நேரம் சந்திரகுமாருக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

முடிவிடத்தில் தராசு காத்திருந்தது. சந்திரகுமாரின் பை ஐந்து கிலோ. கப்டனுடையது இரண்டு. உடனடியாக ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

"சட்டவிதிகள் எரிந்தாலும் செல்லுபடியாகும்" என்று கப்டன் விளக்கினார். "செல்லுபடியாகும் விதிகளுக்கு நிறையும் உண்டு. ஆகவே அந்த ஒன்பது கிலோ இப்போதும் என் முதுகில்தான் இருக்கிறது."

குழு ஏற்றுக்கொண்டது.

"அப்பிடியெண்டால் என்ரை ஆறு கிலோவும் வந்து சேர்ந்திட்டுது. உங்கடை வயித்துக்குள்ளை இருக்கு" என்றான் சந்திரகுமார்.

குழு இதை மிகவும் மதித்து, அரை மணித்தியாலம் ஆராய்ந்து தீர்ப்பளித்தது. அரிசியும் பருப்பும் முடிவிடத்துக்கு வந்து சேர்ந்தது உண்மை. ஆனால் அவற்றைச் சுமந்து வந்தவர் சந்திரகுமார் அல்லர். சாப்பிட்டவர்களே சுமந்து வந்தார்கள். ஆகவே சாப்பிட்ட ஒவ்வொருவருக்கும் மேலதிகமாக இருநூறு கிராம் சுமந்ததற்கான பாராட்டுடன் சின்னம் வழங்கப்பட்டது. சந்திரகுமாருக்கு 'வாழ்நாள் உணவுப் பொறுப்பாளர்' என்ற நற்சான்றிதழ். கப்டன் கண்கலங்கிக் கைகுலுக்கினார்.

வீட்டில் பூமணியக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சமாதானமானார். "சாப்பாடு குடுக்கிற ஆமியெண்டால் பரவாயில்லை, ராசா."

அவன் சமாதானமாகவில்லை. அடுத்த மாதமே சங்கத்தை விட்டு விலகி, 'ஓஸ்லோத் தமிழ் றிசேர்வ் படையினர் சங்கம்' தொடங்கினான். "இஞ்சை ஒருத்தரையும் குசினிக்கை தள்ளமாட்டம்" என்று முதல் கூட்டத்தில் மேசையில் குத்திச் சொன்னான். எங்களுக்குப் புல்லரித்தது.

பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். உறுப்பினராகப் படை அனுபவம் வேண்டும். சந்திரகுமாரை விட்டால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவருக்கும் அது இல்லை. எனவே, ஆமியைக் கண்டு ஓடிய அனுபவம் படை அனுபவமாகக் கருதப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். மூன்று தரம் ஓடிய ஞானசேகரம் அண்ணை போசகர். சந்திரகுமார் தலைவர். நான் செயலாளர். இப்படிப் பதினொரு பதவிகளும் பதினொரு பேருக்குப் போயின.

பன்னிரண்டாவது ஆள் இளங்கோ. திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி.யில் இருந்ததற்கான சான்றிதழைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். உண்மையில் துவக்குப் பிடித்துச் சுட்டவர் தலைவருக்கு அடுத்ததாக அவர் ஒருவர்தான்.

"எனக்கு என்ன பொறுப்புங்க சார்?" என்று கேட்டார்.

மூலையில் தேநீருக்கு வைத்த கேத்தில் கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. எல்லோரும் கேத்திலைப் பார்த்தோம். பிறகு இளங்கோவைப் பார்த்தோம்.

"நான் பெஸ்ட் கேடட் சார்" என்றார் மெதுவாக.

"தெரியுது தம்பி" என்றான் சந்திரகுமார், மிகவும் அன்பாக. "நீங்கள்தான் எங்கடை பாலம். எனக்குச் சீனி வேண்டாம்."

அன்றைய கூட்டக் குறிப்பை நான்தான் எழுதினேன். கடைசி வரியில் இப்படிப் பதிந்தேன்: 'தேநீர்: வழமைபோல.'