தண்ணீருக்கு ஐம்பத்து நான்கு மணி நேரம்

மேல் அணையில் வெள்ளம் சிவப்புக் கோட்டைத் தொட்டால், ஊருக்குச் சற்று மேலே இருக்கும் மதகைத் திறந்து அதைக் கடலுக்குத் திருப்பிவிட வேண்டும். ஜாவாவின் வடகரையில் இருக்கும் எங்கள் ஊரில், இது குறித்து எந்த அதிகாரிக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

பக்கத்து மாவட்டத்து நீர் அலுவலகம் தன் ஆற்றைக் கணினிக்குள் ஓடவிட்டு வேடிக்கை காட்டியதால், எங்கள் அலுவலகமும் ஒரு சிமுலேஷன் மென்பொருள் வாங்கியது. ஆற்றை வரைந்து முடித்த பொறியாளர் ரெட்னா, ‘சமிக்ஞைத் தாமதம்’ என்ற கட்டத்தில் வந்து நின்றார். அணையில் எச்சரிக்கை எழுந்து எவ்வளவு நேரத்தில் மதகு திறக்கும்? மதகுக்காரர் மர்திகுனைக் கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில் அம்மாவுக்கு ‘இபு’, ஐயாவுக்கு ‘பாக்’.

“எச்சரிக்கை நாலு செகண்டுல வந்துரும், இபு. உத்தரவுதான் கொஞ்சம் லேட்டாகும்.”

“கொஞ்சம்னா?”

“நாலு அதிகாரி மையில கையெழுத்துப் போடணும். ஒவ்வொண்ணுக்கும் முத்திரை குத்தணும். போன தடவ முப்பத்தோரு மணி நேரம்.”

ரெட்னா வேலைக்குப் புதிது. கேட்டதை அப்படியே பதித்துவிட்டார். வெள்ளமோ ஆறு மணி நேரத்தில் ஊருக்கு வந்துவிடும். திரையில் ஆற்றோரத் தெருவின் நூற்று நாற்பது வீடுகள் மூழ்கி நீலமாயின. அதில் ஒன்று மர்திகுனுடையது.

இயக்குநர் சுப்ரப்தோ அவசரக் கூட்டம் கூட்டினார். ஆளுக்கொரு சிற்றுண்டிப் பெட்டி வந்து சேர்ந்த பிறகு அவசரம் தொடங்கியது.

“வியாழக்கிழமை மேலிடத்துலருந்து வர்றாங்க. இந்த நீலம் எதுக்கு?”

“கையெழுத்தக் குறைச்சா போயிரும், பாக்” என்றார் ரெட்னா.

“அதுக்கு விதிமுறைய மாத்தணும். அது கிடக்கட்டும். இந்த முப்பத்தொண்ணுல என் பங்கு எவ்வளவு?”

“இருபது நிமிஷம், பாக். நீங்க உடனே போட்டுட்டீங்க.”

“பிரிவுத் தலைவருக்கு?”

“ஆறு மணி நேரம்.”

“அவருக்கு ஆறு மணி நேரம், எனக்கு இருபது நிமிஷம். நான் என்ன இங்க டீ கொண்டு வர்ற ஆளா?”

கீழ் அதிகாரியை விட மேலதிகாரி குறைவாகத் தாமதிப்பது நிர்வாக ஒழுங்குக்கு முரணானது என்பதை அவை ஏற்றுக்கொண்டது. பதவி வாரியாகத் தாமதம் மறுநிர்ணயம் செய்யப்பட்டது. மொத்தம் ஐம்பத்திரண்டு மணி நேரம். இப்போது ஊரே நீலம், அலுவலகத்தின் கார் கொட்டகை உட்பட.

இயக்குநர் யோசித்தார். “தண்ணிக்கும் இப்படி ஒரு கட்டம் இருக்கா?”

“இருக்கு, பாக். ஆனா அது மலையோட சரிவப் பொறுத்தது...”

“அம்பத்தி நாலு போடுங்க. ரெண்டு மணி நேரம் பாதுகாப்புக்கு.”

திரை காய்ந்தது. கைதட்டினார்கள். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை வந்தவர்களும் பார்த்து மகிழ்ந்து, கணினி அறிக்கையில் இருந்த நான்கு கையெழுத்துகளுக்கு மேல் ஐந்தாவதாக ஒன்று போட்டுச் சென்றார்கள்.

மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. காலை எட்டு மணிக்கு எச்சரிக்கை நான்கே வினாடியில் வந்தது. அலுவலகத்தின் வாட்ஸப் குழுவில் ஒரே நிமிடத்தில் நாற்பத்தாறு பேர் “தயார், பாக்!” என்று எழுதினார்கள். ஐம்பத்து நான்கு மணி நேரம் கையில் இருந்ததால் தயாராகவே இருந்தார்கள்.

பகல் ஒரு மணிக்கு மதகடியில் நின்றபடி மர்திகுன் ரெட்னாவை அழைத்தார்.

“இபு, தண்ணி என் முழங்கால்ல நிக்குது. உங்க ஸ்கிரீன்ல எங்க நிக்குது?”

“இன்னும் மலைய விட்டே இறங்கல, பாக்.”

“அப்ப இது யார் வீட்டுத் தண்ணி?”

ரெட்னா குரலைத் தாழ்த்தினார். “நான் உங்ககூடப் பேசவே இல்ல. திறந்துடுங்க.”

உத்தரவு இல்லாமலே மர்திகுன் சக்கரத்தைச் சுற்றினார். வெள்ளம் கடலுக்குப் போனது. தெருவில் ஒரு செருப்புகூட நனையவில்லை.

தெரு நனையாது என்று கணினி சொன்னது, நனையவில்லை. ஆகவே கணினிக்கு விருது. மதகை உத்தரவுக்கு நாற்பத்தேழு மணி நேரம் முன்னதாகத் திறந்ததற்கு மர்திகுனுக்கு விளக்கம் கோரும் கடிதம். மதகுக்கு நான்கு பூட்டுகள், நான்கு அதிகாரிகளிடம் நான்கு சாவிகள். ஆற்றோரத் தெருவார் கணினிக்கு நன்றி சொல்லிப் பதாகை கட்டினார்கள். ஒரு முனையைப் பிடித்துக் கட்டியது மர்திகுனின் மனைவி.

இன்று காலை மலைப்பக்கம் மறுபடி கறுத்திருக்கிறது. மர்திகுன் மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். தெருவே நின்று சிரித்தது.

“பாக் மர்திகுன், உங்களுக்கு என்ன பைத்தியமா? அதான் கணினியில நம்ம தெரு காஞ்சு கிடக்கே!”