என் முதுகில் நாற்று விட்ட விபரீதம்

மணமேடையில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்த்து, இவனுக்கு இன்னொரு தலை முளைத்தால் எந்தப் பக்கம் முளைக்கும் என்று யோசித்த கல்யாண வீடியோக்காரர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தார். அப்பா அம்மா ஏதோ நல்ல பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆனால் எந்தக் கதையைச் சொன்னாலும் நடுவில் விரலைத் தூக்கி, "அங்கதான் நடந்துச்சு விபரீதம்!" என்பார். அதனால் ஊருக்கு அவர் விபரீதம்.

நான் அவரிடம் லைட் பிடித்துக்கொண்டிருந்தேன். கூச்ச சுபாவக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. ஆயிரம் பேர் கூடியிருந்தாலும் லைட் பிடிப்பவனை யாரும் பார்க்க முடியாது, கண் கூசும்.

தொண்ணூற்றொன்றில் வீடியோ கடைகளில் வெளிநாட்டுப் பேய்ப் பட கேசட்டுகள் வாடகைக்குக் கிடைத்தன. விபரீதம் பேயைச் சீந்தமாட்டார். விஞ்ஞானி ஏதோ கலக்கி, அது தப்பாகப் போய், உடம்பு உப்பி, வெடித்து, உருகும் படங்கள்தான் அவருக்கு வேண்டும். அதிலும் நாலு பேர் சேர்ந்து கைக்காசில் எடுத்த ஏழைப் படமென்றால் உயிர்.

"அண்ணே, இங்கிலீசு புரியுதாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணாடி போட்டவன் மருந்து கலக்கறான். ஒருத்தன் குடிக்கிறான். ஒடம்பு வீங்குது. இதுக்கு இன்னாத்துக்குடா இங்கிலீசு?"

இந்த ஞானத்தை அவர் வீட்டோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. படப்பை ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம், "அப்பிடியே இருங்க. இப்ப உங்க தொண்டைல ஒரு கண்ணு தொறந்தா எப்பிடி இருக்கும்!" என்றார். மாப்பிள்ளைக்குப் புரை ஏறியது. பெண்ணின் மாமன் எங்களை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தார்.

ஆடி மாதம் பிறந்தால் கல்யாணம் கிடையாது, கேமரா சும்மா இருக்கும். அந்த வருடம் ஆடி முதல் தேதியன்று விபரீதம் என்னிடம் வந்து, தாமே ஒரு படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். ஒரு விஞ்ஞானி ஒரே ராத்திரியில் விளையும் உரத்தைக் கண்டுபிடிக்கிறான். வேலைக்காரன் தண்ணீர் என்று நினைத்து அதைக் குடித்துவிடுகிறான். விடிந்து பார்த்தால் அவன் முதுகில் நெல் முளைத்திருக்கிறது. வெள்ளைக் கோட்டு போட்ட விஞ்ஞானி, விபரீதம். நெல் முளைத்தவன், நான்.

"எனக்கு நடிக்கத் தெரியாதுண்ணே. நாலு பேரு பாத்தாலே கை நடுங்கும்."

"நடுங்குடா. அதான் வேணும். வசனமே கிடையாது. உனக்குன்னே எழுதினது."

கோட்டு சலூன்காரர் கொடுத்தது. சோதனைச்சாலை, சேரப்பணஞ்சேரி கிராமத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஒரு மோட்டார் கொட்டகை. அங்கே சர்பத் பாட்டில்களில் கலர்த் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தோம். ரத்தத்துக்கு வெல்லப்பாகில் குங்குமம் கரைத்தார். முதல் காட்சியிலேயே எறும்பு மொய்த்து நான் குதித்த குதியைப் பார்த்து, "நடிக்கத் தெரியாதுன்னியே, திருட்டுப் பயலே!" என்று கட்டிக்கொண்டார்.

முதுகுதான் பெரிய வேலை. கோணியை என் முதுகு அளவுக்கு வெட்டி, நனைத்து, முளை கட்டிய விதை நெல்லைத் தூவி, தினமும் தண்ணீர் தெளித்தார். நாற்று விரலுயரம் வந்து, வேர் கோணியைப் பின்னிப் பிடித்துக்கொண்டது. அதை சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையால் என் முதுகில் ஒட்டினார். பிறகு சுற்றிவந்து பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"கேட்டுக்கோ. இன்னிக்கு இந்த ஊர்ல கூழ் ஊத்தறாங்க, சனம் பூரா கோயிலாண்ட இருக்கும். யாருக்கும் சொல்லல. நீ கத்திகினே ஓடற. அவங்க அலறி ஓடறாங்க. ஒரே ஒருத்தர் நெஜமா பயந்தா போதும்டா. இல்லேன்னா இந்தக் கிறுக்கு எனக்கு ஆவாதுன்னு விட்டுட்டு, சாவற வரைக்கும் தாலி கட்டறதையே எடுத்துகினு கெடக்கிறேன்."

அவர் அப்படிச் சொன்னபிறகு ஓடாமல் இருக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் போய் விழுந்தேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில், ஊரே கன்னியம்மாக்கா என்று கூப்பிடும் பெண்மணி நின்றிருந்தார்; கரண்டியை வைத்துவிட்டு என் முதுகைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாப்பா வேண்டுதலு இது? புச்சா கீது?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து விபரீதம் கத்தினார். "பயப்படுங்கம்மா! அவன் மருந்து குடிச்ச ஆளு!"

"அய்யய்யோ, மருந்து குடிச்சவனா! ஆத்தாதான் உசுரக் காப்பாத்திக் குடுத்துகீறா. ஏண்டி நிக்கிறீங்க, தண்ணி கொண்டாங்கடி!"

நாலு குடம் மஞ்சள் தண்ணீர் என் தலையில் இறங்கியது. கழுத்தில் வேப்பிலை மாலை விழுந்தது. உடம்பெல்லாம் எலுமிச்சம்பழம் குத்திக்கொண்டு நின்ற ஒருவர், என் முதுகைப் பொறாமையோடு பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லண்ணே."

"அப்ப இன்னா வேண்டுதலு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வருடா வருடம் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு தீ மிதிக்கிற சனம். அவர்களை விரலுயர நாற்றைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று நினைத்தது எங்கள் தப்பு. போதாக்குறைக்கு ஓர் ஆடு வந்து என் முதுகில் மேய ஆரம்பித்தது. எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, நெளிந்தேன். "அருள் வந்துடுச்சுடி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். "சாமி நாத்துல வாய வைக்குது பாரு சனியன்!" என்று கன்னியம்மாக்கா ஆட்டை விரட்டினார். விபரீதம் மட்டும், "பயப்படுங்கம்மா... யாராச்சும் பயப்படுங்கம்மா..." என்று கெஞ்சிக்கொண்டே எடுத்தார்.

ஆனாலும் அவர் விடவில்லை. "நேர்ல பயம் வராதுடா. திரையில பாக்கட்டும்." இரண்டு வீடியோ டெக்கை வைத்து வெட்டி ஒட்டி, ஒரு நாய் ஊளையையும் சேர்த்து, அடுத்த ஞாயிறு சாயங்காலம் அதே கோயில் வாசலில் டி.வி. வாடகைக்கு எடுத்துப் போட்டார். ஊரே வந்து உட்கார்ந்தது.

நெல் முளைத்த முதுகு திரையில் வந்ததும் "ஓம் சக்தி! பராசக்தி!" என்று ஒரு முழக்கம். கன்னியம்மாக்கா டி.வி.க்குக் கற்பூரம் காட்டினார். "தோ எங்கம்மா!" "ஏய், அந்த ஆடு எங்குளுதுடி!" என்று ஒரே சிரிப்பு. ஆடு வரும் இடத்தை மூன்று தடவை பின்னால் ஓட்டிப் போடச் சொன்னார்கள். முடிந்ததும் விபரீதத்துக்குத் தேங்காய் மூடியும் பொங்கலும் கொடுத்து, "பக்திப் படம் சோக்கா எடுத்துகீற தம்பி" என்று வாழ்த்தினார்கள்.

அவர் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எழவேயில்லை. "ஒருத்தர் கூட பயப்படலடா" என்றார். டி.வி.யை ஊரிலேயே விட்டுவிட்டு, வரப்பு வழியாக ரோட்டுக்கு நடந்தோம். பொழுது சாய்கிற நேரம். இரண்டு பக்கமும் நாற்றங்கால். காற்று கொஞ்சம் அடித்தது. நாற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது.

பின்னால் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். விபரீதம் வேர்த்துப் போய் நின்றார்.

"நீ முன்னாடி போவாதடா. உன் முதுகு தெரியுது."

"சரி, நான் பின்னால வரேன், நீங்க போங்கண்ணே."

"பின்னாடியும் வராத! அது... அது அசையுதுடா..."

"எதுண்ணே?"

அவர் என் முதுகை, நாற்றை, மறுபடி என் முதுகைப் பார்த்தார். பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"டேய்! நான் பயந்துட்டேன்டா! நெஞ்சு அடிக்குது பாரு, தொட்டுப் பாரு! ஒருத்தன் பயந்துட்டான்டா!"

தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே அடித்தது. ஒற்றை ஆள் மட்டுமே நடக்கக்கூடிய வரப்பில், ஆளுக்கொரு காலைச் சேற்றில் விட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அடுத்த ஆடிக்கு எனக்கு எங்கே என்ன முளைக்கவேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தார் ரோடு வந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை; எனக்கும் இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை.